ஃபில்டருக்கு ஆப்டிகல் ஒயிட்

என் வாழ்க்கையில் நான் எழுதிய பொய்களிலேயே மிகச் சின்னது இரண்டு வார்த்தை. பயோடேட்டாவின் கடைசி வரியில், 'ஹாபீஸ்' என்ற இடத்தில், 'அக்வேரியம் கீப்பிங்' என்று டைப் அடிக்கச் சொன்னேன். அதே தாளில் இருந்த மற்ற பொய்கள் (எக்செல்லைக் கரைத்துக் குடித்தவள், ஆங்கிலம் சரளம்) யாரையும் ஒன்றும் செய்யவில்லை. இந்த இரண்டு வார்த்தைதான் ஆறு உயிரை எடுக்கப் பார்த்தது. என்னையும் சேர்த்தால் ஏழு.

அப்படி எழுதப் பெரிய காரணமெல்லாம் இல்லை. ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்த அக்கா "ஹாபி என்ன போடட்டும்?" என்று கேட்டார். வாசிப்பு என்று போட்டால் என்ன புத்தகம் என்பார்கள். சமையல் என்று போட்டால் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வந்தவளை கேண்டீனுக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கத்துக் கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. அதன் திரையில் ஒரு மஞ்சள் மீன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டிருந்தது. "அதையே போடுங்கக்கா" என்றேன்.

இன்டர்வியூவில் முதலாளி என் மார்க் ஷீட்டைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசி வரிக்குப் போனார். நல்லசாமி சாருக்குப் பூர்வீகம் மூலனூர்ப் பக்கம், முருங்கைத் தோட்டக்காரர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி. தொழில், குடும்பம் இரண்டுக்கும் அடுத்தபடியாக (குடும்பத்தார் இந்த வரிசையை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்) அவருக்கு மீன் என்றால் உயிர்.

"அட, மீன் வளத்துறியா அம்மிணி? எந்த ஊரு?"

"தூத்துக்குடி சார்."

"அப்பறம் என்ன! கடலோட பொறந்த ஊரு. உனக்குச் சொல்லித் தரோணுமாக்கும்!"

தூத்துக்குடியில் எனக்கும் மீனுக்கும் இருந்த ஒரே உறவு, குழம்புச் சட்டியில்தான். அதைச் சொல்லியிருக்கலாம். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டேன். வேலை கிடைத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. ஆறு மாதம் புரொபேஷன், அதற்கப்புறம் பெர்மனென்ட் லெட்டர்.

அந்த லெட்டர்தான் என் தலையெழுத்து. அப்பா என்னைத் திருப்பூருக்கு அனுப்பியதே ஒரு ஒப்பந்தத்தின் பேரில். "ஆறு மாசம் பாப்பேன். பெர்மனென்ட் ஆச்சுன்னா இரு. ஆவலன்னா மறுபேச்சு கெடையாது, ஊருக்கு வந்து நான் சொல்லுத பையனுக்குக் கழுத்த நீட்டு." பையனும் ரெடி. உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் பெண் பார்க்க வந்தபோது இரண்டு மணி நேரத்தில் அவர் பேசியது "ஃபேனைக் கொஞ்சம் கூட்டுங்க" என்பது மட்டும். அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாதா கோயிலிலிருந்து வந்ததும் போன் செய்வார். "பெர்மனென்ட் ஆயிட்டா?" இல்லை என்றதும் வைத்துவிடுவார். சௌக்கியமா என்றுகூடக் கேட்கமாட்டார்.

மூன்றாம் மாதம் கம்பெனி புதுக் கட்டடத்துக்குப் போனது. ரிசப்ஷனில் சுவரோடு சுவராக எட்டு அடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். முதலாளி வீட்டில் சுண்டுவிரல் அளவிலிருந்து வளர்த்த ஆறு ஆஸ்கர் மீன்களை அதில் விடப் போவதாகச் சொன்னார். ஒவ்வொன்றும் இப்போது உள்ளங்கையைவிடப் பெரிசு. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டு. அதில் மிகப் பெரியவனுக்குப் பெயரே உண்டு, மாப்ள. முதலாளி தொட்டியில் கையை விட்டால் மாப்ள வந்து விரலை முட்டுவான். அவருடைய சொந்த மாப்பிள்ளை பெங்களூரில் இருந்தார், இத்தனை அன்பாக முட்டியதில்லை என்று கேள்வி.

"ஃபில்டர் எது போடறதுன்னு நீயே பாத்து எடுத்துரு அம்மிணி. நீ வெவரமான புள்ள" என்றார்.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு வளர்ப்பு மீன் கடை. கடைக்காரர் குமாரசாமி அண்ணன். உள்ளே நுழைந்ததும் நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். (ஃபேப்ரிக் இன்ஸ்பெக்ஷனில் அப்படித்தான் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.)

"எட்டடித் தொட்டிக்கு ஃபில்டர் வேணும்ண்ணா."

"என்ன மீனுங்க உடப் போறீங்க?"

"ஆஸ்கர். ஆறு."

அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "அப்படீன்னா தொட்டி அளவப் பாக்காதீங்க மேடம். வயித்தப் பாருங்க. அது எருமையாட்டத் திங்கும், எருமையாட்டப் போகும். அத்தனையும் அந்தத் தண்ணிக்குள்ளயேதானுங்க. அதைத் தின்னு செரிக்கறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி வேணும். அந்தப் பூச்சி குடியிருக்க எடம் வேணும். தொட்டிக்குக் கீழ, தொட்டியில மூணுல ஒரு பங்கு அளவுக்குச் சம்ப்புன்னு இன்னொரு தொட்டி வெச்சு, பீங்கான் வளையம் கொட்டி, ஸ்பாஞ்சு அடுக்கோணும். அதுதானுங்க பத்தும்."

கடையின் பின்பக்கம் கூட்டிப்போய் அவருடைய சம்ப்பைக் காட்டினார். கறுப்பும் பழுப்புமாக, சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி இருந்தது. பல நாட்டு பையர்கள் வந்து உட்காரும் ரிசப்ஷனில் இதையா வைப்பது? சுவரில் அழகாக ஒரு ஃபில்டர் பெட்டி தொங்கியது. தொட்டிக்கு மேலேயே உட்காரும், கண்ணாடி மாதிரி தெளிவான அக்ரிலிக், உள்ளே மூன்று வெள்ளை ஸ்பாஞ்சு. பார்க்க லட்சணமாக இருந்தது.

"இது போதும்ண்ணா. எங்க வீட்ல இதான் வச்சிருந்தோம்" என்றேன்.

எங்கள் வீட்டில் வைத்திருந்தது ஒரு கோழி. குமாரசாமி அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆறு ஆஸ்கருக்கு இது பத்தாதுங்க. வெச்சாலும் ஒண்ணு மட்டும் ஞாவகம் வெச்சுக்குங்க, ஸ்பாஞ்சை..." என்று ஆரம்பித்தார். "தெரியும்ண்ணா" என்று நடுவிலேயே வெட்டினேன். அன்றைக்கு அந்த வாக்கியத்தை அவரை முடிக்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மீன்கள் தின்றன, நீந்தின. ஸ்பாஞ்சுகள் மெல்லப் பழுப்பாகி, டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்தன. ரிசப்ஷனைக் கடக்கும்போதெல்லாம் நான் தொட்டியைப் பார்த்துத் தலையசைப்பேன். யாராவது கேட்டால், "வாட்டர் பேரமீட்டர் நல்லாருக்கு" என்பேன். பேரமீட்டர் என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கௌரவமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் பையர் வருகிறார் என்று செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, பெரிய ஆர்டர் கொடுக்கிற அம்மையார் ஒருவர், நேரில். மறுநாள் சனிக்கிழமையோடு என் ஆறு மாதமும் முடிகிறது.

திருப்பூரில் பையர் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துடைப்பார்கள். தரையைத் துடைத்து, ஃபேனைத் துடைத்து, தென்னை மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, வருஷம் முழுக்க எண்ணெய் வடியும் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை அந்த வெறி என்னையும் பிடித்தது. எல்லாம் பளபளக்கிற இடத்தில் அந்த மூன்று ஸ்பாஞ்சு மட்டும் டிகாக்ஷன் நிறத்தில், அக்ரிலிக் பெட்டிக்குள் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது.

ஊர்ப் பெண்ணாக இருந்தால் குழாயடியில் பிழிந்திருப்பாள். நான் பனியன் கம்பெனிக்காரி ஆயிற்றே. துணி அழுக்கானால் எங்கே அனுப்புவது? எங்கள் கம்பெனிக்கே சொந்தமாகச் சாயப்பட்டறை இருந்தது. மூன்று ஸ்பாஞ்சையும் பாலித்தீன் பையில் போட்டு, லேபிள் ஒட்டி, துணி ஏற்றிப் போகிற வேனில் அனுப்பினேன். பட்டறை சூப்பர்வைசர் போன் செய்தார்.

"மேடம், இதென்னங்க மெட்டீரியலு? ஜிஎஸ்எம் எவ்வளவுங்க?" (துணியின் கனத்தைக் கேட்கிறார். பாவம், அவருக்கு வந்த எல்லாமே இதுவரை துணிதான்.)

"அது சாம்பிள் சார். அர்ஜென்ட்."

"ஷேடு?"

"ஃபுல் ஒயிட்."

"ஆப்டிகல் ஒயிட்டுங்களா?"

துணி வெள்ளையாக இருந்தால் மட்டும் போதாது, மினுங்கவும் வேண்டும் என்றால் போடுகிற வெண்மைச் சாயம் அது. "ஆமா, ஆப்டிகல்தான்" என்றேன். கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்காது.

புதன்கிழமை மத்தியானம் ஸ்பாஞ்சுகள் திரும்பி வந்தன. பெராக்சைடில் வேகவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரிகூடப் போட்டிருப்பார்களோ என்கிற அளவுக்கு மொடமொடவென்று. கண் கூசியது. நடுவில் சும்மா இருப்பானேன் என்று தொட்டிக் கண்ணாடியையும் கூழாங்கற்களையும் தேய்த்துக் கழுவச் சொன்னேன். எல்லாவற்றையும் திரும்ப வைத்தபோது மாப்ள ஒருமுறை பெட்டியை நிமிர்ந்து பார்த்தான். இப்போது யோசித்தால் அது "அடிப்பாவி" என்கிற பார்வை.

வியாழக்கிழமை தண்ணீர் புகை படிந்த மாதிரி லேசாக மங்கியது. மீன்கள் சோர்வாக இருந்தன. பசி போல என்று இரண்டு மடங்கு தீனி போட்டேன். (நீங்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டால், உங்களுக்கு மீன் தெரியும் என்று அர்த்தம். அன்றைக்கு நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?)

வெள்ளி காலை எட்டரைக்குப் புதுக் கிரீம் கலர் சுடிதாரில் ரிசப்ஷனுக்குள் நுழைந்தேன். ஐந்து மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. மாப்ள அங்கே இல்லை. தொட்டியின் மூலையில், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். செவுள் மட்டும் வேகவேகமாக அடித்துக்கொண்டது.

பேக்கிங்கில் வேலை செய்கிற பீகார்ப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, "மேடம், மச்லி சோ ரஹா ஹை?" என்றான். தூங்குகிறதா என்று கேட்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன் அடித்தது. முதலாளி. பையரைக் கூட்டிவரக் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். "அம்மிணி, மாப்ள சாப்ட்டானா?"

"சா... சாப்ட்டுட்டு ரெஸ்ட் எடுக்கான் சார்."

"பையரம்மாகிட்டச் சொல்லீட்டேன், உள்ள வந்தொடனே மொதல்ல நம்ம மாப்ளயத்தான் பாக்கோணும்னு."

போனை வைத்தேன். மீன் செத்தால் வேலை போகும். வேலை போனால் அப்பா வருவார். அப்பா வந்தால் "ஃபேனைக் கொஞ்சம் கூட்டுங்க". ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அதையெல்லாம்விட மாப்ளயின் செவுள்தான் என்னைக் கொன்றது. தினமும் காலையில் எனக்கு முதல் வணக்கம் வைக்கிறவன் அவன். கண்ணாடிக்கு வந்து வாலை ஆட்டுவான்.

அந்த நேரத்தில்தான் டேனியல் வந்தார். எங்கள் சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்திகரிக்கிற பிளாண்டில் கெமிஸ்ட், சாத்தான்குளத்துக்காரர். பக்கத்தில் வந்தால் லேசாகச் சேற்று வாசம் அடிக்கும் என்பதால் ஆபீஸ் பெண்கள் நாங்கள் அவரிடமிருந்து இரண்டடி தள்ளியே நிற்போம். தண்ணீர் ரிப்போர்ட் கொடுக்க வந்தவர் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார். பையிலிருந்து சோதனைக் குழாயை எடுத்துத் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, மருந்து இரண்டு சொட்டு விட்டார். வெறும் தண்ணீராகவே நிற்க வேண்டியது, கண்ணெதிரே காவி நிறத்துக்குப் போனது. ஷேடு பார்ப்பது என் தொழில். அந்த ஷேடு நல்ல ஷேடு இல்லை என்று எனக்கே புரிந்தது.

"அமோனியா" என்றார்.

"நாங்க யாரும் போடலியே!"

"நீங்க எதுக்குப் போடணும்? அதுகளே போட்டதுதான். அதத் தின்னுத பாக்டீரியா எங்க போச்சு? ஃபில்டர என்ன செஞ்சிய?"

"ஒண்ணும் செய்யலியே" என்றேன்.

அவர் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்பாஞ்சை வெளியே எடுத்தார். "இது என்ன, தலையணையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்டிகல் ஒயிட் என்ற இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஏங்க, அந்தப் பழுப்பு அழுக்கு இல்லீங்க. அது ஆளுங்க. ரெண்டு மாசமா பகல் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட், லீவே இல்லாம இந்த மீனோட கழிவ எல்லாம் தின்னு தீத்த ஆளுங்க. மொத்தப் பேரும் குடியிருந்தது இந்த மூணு ஸ்பாஞ்சுலதான். கம்பெனிய ஒட்டுமொத்தமா வெளுத்துக் காயப்போட்டுட்டு, ஏன் ப்ரொடக்ஷன் வரலன்னு கேக்கிய!"

"இப்ப என்ன செய்யுறது?"

அவர் மணியைப் பார்த்தார். எட்டே முக்கால். "பாதித் தண்ணிய மாத்தணும். குளோரின் இல்லாத தண்ணி வேணும். தோட்டத்துத் தொட்டியில கெணத்துத் தண்ணி நிக்கில்லா, அது போதும். அப்புறம் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சு, உயிரோட வேணும். எங்க இருக்கு?"

எனக்குத் தெரிந்து ஒரே இடம்தான். அந்தச் சாக்கடை சம்ப்.

பேக்கிங் ஆட்கள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டேன். தோட்டத்திலிருந்து ரிசப்ஷன் வரை, தையல் லைன் மாதிரி ஆளுக்கு ஆள் பக்கெட் கை மாறியது. துணி அனுப்பும்போதுகூட அத்தனை ஒழுங்காக லைன் ஓடி நான் பார்த்ததில்லை. பையருக்காகத் துடைத்த தரையெல்லாம் குளம். ஒன்பதரைக்குப் பாதித் தண்ணீர் மாறியது. ஐந்து மீன்கள் கொஞ்சம் கீழே இறங்கின. மாப்ள அப்படியே கிடந்தான். டேனியலின் பைக்கில் ஏறினேன். இரண்டடி தள்ளி நிற்பதெல்லாம் அன்றோடு முடிந்தது.

குமாரசாமி அண்ணன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வெளுத்துட்டீங்களா?" என்றார். டேனியல் போனில் சொல்லிவிட்டிருந்தார்.

"ஆமாண்ணா."

"அன்னைக்கு இதைத்தானுங்க சொல்ல வந்தேன். ஸ்பாஞ்சைக் குழாத் தண்ணியில கழுவாதீங்க, தொட்டித் தண்ணியிலயே லேசா அலசி வைங்கன்னு. தெரியும்னீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பின்பக்கம் போனார். தன் சம்ப்பிலிருந்தே நான்கு பழைய ஸ்பாஞ்சை எடுத்து, அந்தத் தண்ணீரையே மொண்டு ஊற்றி, பக்கெட்டில் வைத்துக் கொடுத்தார். "காய உட்றாதீங்க. வெயில் பட வேணாம். சீக்கிரம் போங்க."

இரண்டு மாதம் முன்னால் சாக்கடை என்று மூக்கைப் பொத்திய சமாச்சாரத்தை, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஒரு மடக்குப் பழுப்புத் தண்ணீர் கிரீம் கலர் சுடிதாரில் கொட்டியது. மணி பத்து இருபது. ரயில்வே மேம்பாலத்துக்கு முந்தின சிக்னலில் சிவப்பு விழுந்தது.

எங்களை ஒட்டி ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பின் சீட்டில் பையர் அம்மையார். அவர் பக்கத்தில், எனக்கு ஒரு முழத் தூரத்தில், நல்லசாமி சார். நல்லவேளை, ஹெல்மெட் போட்டிருந்தேன். தலையைப் பக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். அப்போது என் போன் அடித்தது.

எடுக்காமல் விட்டால் சத்தம் அவருக்கே கேட்கும். எடுத்தேன்.

"அம்மிணி, பக்கத்துல வந்துட்டோம். மாப்ள எப்படி இருக்கான்?"

"நல்லாருக்கான் சார்." குரல் பக்கெட்டுக்குள்ளிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"நீ எங்க இருக்கற?"

"தொட்டிப் பக்கத்துலதான் சார் நிக்கேன்."

பின்னாலிருந்த டவுன் பஸ் ஹாரன் அடித்தது. அந்த ஹாரன் என் காதில் நேராகவும் போனிலும் இரண்டு தடவை கேட்டது. அவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். "செரி" என்று வைத்துவிட்டார். பச்சை விழுந்தது. டேனியல் பைக்கைச் சந்துக்குள் விட்ட வேகத்துக்கு, ஆண்டவரே, நான் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையில் பாதியைச் சொல்லி முடித்தேன்.

காருக்கு நாலு நிமிஷம் முன்னால் கம்பெனிக்கு வந்துவிட்டோம். பழைய ஸ்பாஞ்சுகளைப் பெட்டியில் வைத்தோம். வெள்ளையில் ஒன்றையும் ஓரத்தில் வைத்தார் டேனியல், இனி அதிலும் பாக்டீரியா குடியேறட்டும் என்று. மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் பழுப்பு ஸ்பாஞ்சு வழியாக இறங்கியது. மாப்ளயைப் பார்த்தேன். சாய்ந்துதான் கிடந்தான். ஆனால் கண் என் பக்கம் திரும்பியது.

வாசலில் கார் நின்றது.

முதலாளி பையரைத் தொட்டிக்கு அழைத்து வந்தார். என் சுடிதாரின் முன்பக்கம் முழுக்கப் பழுப்பு. அம்மையார் மீன்களைப் பார்த்து, எவ்வளவு அமைதியாக இருக்கின்றன என்று ஆங்கிலத்தில் வியந்தார். அசையவே தெம்பில்லாத மீன் அமைதியாக இல்லாமல் என்ன செய்யும்? முதலாளி பெருமையோடு, "லைட்டு போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்று தொட்டியின் நீல விளக்கைத் தட்டினார்.

மேலே பெட்டிக்குள் அந்த ஒரு வெள்ளை ஸ்பாஞ்சு, டியூப் லைட் மாதிரி பற்றிக்கொண்டு ஜொலித்தது.

"ஓ, பியூட்டிஃபுல்!" என்று கைதட்டினார் அம்மையார். முதலாளி கைதட்டவில்லை. முப்பது வருஷமாக நீல விளக்கின் கீழே துணியைப் பிடித்து வெள்ளை பார்க்கிற கண் அது. ஸ்பாஞ்சைப் பார்த்தார். என் சுடிதாரைப் பார்த்தார். வாசலில் நின்ற பக்கெட்டைப் பார்த்தார். பையரை மேனேஜரோடு மாடிக்கு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அது நம்ம பட்டறை வெள்ளைதான?"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர், மஞ்சள் மீன், கோழி, பெராக்சைடு, எல்லாம். "சிக்னல்ல பக்கத்துலயே நின்னது நாந்தான் சார்" என்றேன்.

"அது தெரியும். பக்கெட்டுக்குள்ள தலைய உட்டுட்டுப் போன்ல பேசற ஆளத் திருப்பூருல வேற எங்க கண்டேன்?" அவர் சிரிக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கண்ணாடியில் விரலை வைத்தார். மாப்ள வரவில்லை. "சுண்டுவெரலத்தண்டி இருக்கறப்ப வாங்கியாந்தேன், அம்மிணி."

அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

எழுந்து போகும்போது சொன்னார்: "நாளைக்கு உன்ற லெட்டர்ல கையெழுத்துப் போடறதா இருந்தேன். இப்பப் போடமாட்டேன். மாப்ள என்னைக்குத் தீனி எடுக்கறானோ அன்னைக்குப் போடறேன். எடுக்கலீன்னா, நீயே யோசன பண்ணிக்க."

சனிக்கிழமையும் டேனியல் பாதித் தண்ணீர் மாற்றினார், சோதனைக் குழாயில் காவி இளமஞ்சளுக்கு இறங்கியது, தீனி மட்டும் கண்ணிலேயே காட்டக்கூடாது என்றார். மாப்ள நிமிர்ந்து நின்றான், நீந்தவில்லை. அன்று மாலை அப்பா போன் செய்தார். ஞாயிறுவரைகூடப் பொறுக்கவில்லை.

"பெர்மனென்ட் ஆயிட்டா?"

"ஒரு மீன் சாப்டணும்ப்பா. அது சாப்டதும் ஆயிரும்."

மகளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருக்க வேண்டும். "பொட்டியக் கட்டி வையி. வாரேன்" என்றார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, மூடிக்கிடந்த கம்பெனியின் ரிசப்ஷனில் நாலு பேர் நின்றோம். முதலாளி, டேனியல், நான், பஸ்ஸிலிருந்து நேராக வந்த அப்பா. டேனியல் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இப்பக் குடுக்கலாம் சார்" என்றார்.

முதலாளி முதல் உருண்டையைப் போட்டார். ஐந்து மீன்களும் பாய்ந்தன. மாப்ள அசையவில்லை. அவன் மூக்குக்கு நேராக இரண்டாவது. அது அவன் முகத்தில் பட்டு உருண்டு கீழே போனது. முதலாளியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. மூன்றாவது உருண்டை அவருடைய விரல் நுனியில். ஆண்டவரே, அதைத் தின்ன வை, இனிமேல் சத்தியமாகப் பொய் சொல்லமாட்டேன்.

மாப்ள திரும்பிக்கொண்டான்.

அப்போது அப்பா ஓரடி முன்னால் வந்தார். கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து, மாப்ளயை மேலும் கீழும் பார்த்தார். கடலோடு பிறந்த ஊர்க்காரர்.

"மொதலாளி, தப்பா எடுக்காதீய. இது கொழம்புக்கு ஆவுமா?"

அப்பா தொடர்ந்தார். "சும்மா நிக்கதுக்கு நாலு துண்டாப் போட்டு, புளியக் கரைச்சு ஊத்தி, ரெண்டு மாங்காக் கீத்து போட்டா..."

தண்ணீர் எங்கள் நான்கு பேர் மேலும் தெறித்தது. மாப்ள ஒரே பாய்ச்சலில் வந்து உருண்டையோடு முதலாளியின் விரலையும் சேர்த்துக் கவ்வியிருந்தான்.

"கடிச்சுட்டான்! கடிச்சுட்டான்!" என்று நல்லசாமி சார் குழந்தை மாதிரிக் கத்தினார். அவர் கண்ணில் தண்ணீர், தொட்டித் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை. அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, நல்ல நேரத்துல வந்தீங்க!"

உள்ளே போய் என் ஃபைலை எடுத்து வந்து, ஈரக் கையோடு லெட்டரில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் பயோடேட்டாவைப் பிரித்து, கடைசி வரியில் 'அக்வேரியம் கீப்பிங்' என்பதற்குப் பக்கத்தில் ஏதோ எழுதி என்னிடம் காட்டினார். 'இனிமேல்' என்று எழுதியிருந்தது.

மறு வாரமே தொட்டிக்குக் கீழே மூன்றில் ஒரு பங்கு அளவில் சம்ப் வந்தது. பீங்கான் வளையம், அடுக்கடுக்காக ஸ்பாஞ்சு, எல்லாம் வயிற்றைப் பார்த்துப் போட்டது. அதையெல்லாம் தேர்ந்தெடுத்தது குமாரசாமி அண்ணன். நான் கடையில் நின்று அவர் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் முற்றுப்புள்ளி வரை கேட்டேன். பத்து வருஷமாக வாரா வாரம் அந்த ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி வைக்கிறவள் நான்தான். வேலையில் இன்றைக்கு நான் மேனேஜர், ஆனாலும் அந்தப் பொறுப்பை வேறு யாருக்கும் கொடுக்க முதலாளி சம்மதிக்கவில்லை, எனக்கும் மனசில்லை. உப்பளத்துக்காரருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி நன்றாக இருக்கிறார். எனக்கு யாரோடு ஆனது என்று சேற்று வாசத்தை வைத்து நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் வெள்ளைத் துணியை என்னிடம் யாரும் துவைக்கக் கொடுப்பதில்லை. என் மகன் குளிக்கக் கூப்பிட்டால், "நான் ஸ்பாஞ்சும்மா, கழுவுனா செத்துருவேன்" என்று கட்டிலுக்கடியில் போய்விடுகிறான், அவன் அப்பா அதற்குச் சாட்சி சொல்கிறார். இதெல்லாவற்றையும் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது என் அப்பாவைத்தான். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தியில் மீன் குழம்பு இலையில் விழுந்த உடனே பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பித்துவிடுவார்: "எம் மவ ஆறு மாசம் படிச்ச படிப்பெல்லாம் காட்டிப் பாத்தா, வேலை நிலைக்கல. நான் போய் ஒரே ஒரு மீன மெரட்டுனேன். பெர்மனென்ட்!"